ஆபிரகாம் லிங்கனும் பஞ்சசீலமும்

சென்ற பௌர்ணமி உபோசத நாளில் திரிசரணமும் பஞ்சசீலமும் ஓதி முடிந்தபின், நமது சங்கத்து இளைஞர் ஒருவர் கண்ணாடிச் சட்டமிட்ட படம் ஒன்றைக் கொண்டுவந்து மேடையருகில் வைத்தார். குழிவிழுந்த கன்னம், மீசையில்லாத தாடி, உறக்கமற்ற கண்கள். அமெரிக்க ஐக்கிய நாட்டின் பதினாறாவது ஜனாதிபதியாகிய ஆபிரகாம் லிங்கனின் படம் அது. பழைய புத்தகக் கடையில் வாங்கியதாம். "நாற்பது லட்சம் அடிமைகளின் விலங்கை முறித்தவர். பாபாசாகேப் படத்துக்குப் பக்கத்தில் மாட்ட அனுமதி வேண்டும்" என்றார்.

அப்போது மூத்த உபாசகர் ஒருவர் எழுந்தார். எழுபது வயதைக் கடந்தவர். ஒரு சீலத்திலும் ஒரு நாளும் வழுவாதவர் என்று நாம் சாட்சி சொல்லக்கூடியவர். "தம்பி, உயிர்க்கொலை தவிர்ப்பேன் என்று ஓதிய வாய் இன்னும் உலரவில்லை. இந்த மனிதர் நடத்திய யுத்தத்தில் ஆறு லட்சம் பேருக்கு மேல் மாண்டார்கள். அவர் படம் பகவன் இருக்கும் மண்டபத்திலா?" என்று கேட்டார். இளைஞர் விடையிறுக்குமுன், பள்ளி ஆசிரியையாகிய ஓர் அம்மையார், "பெரியவர் சொல்வது ஒருபுறம் இருக்கட்டும். லிங்கன் அடிமைகளுக்காகவா போரிட்டார்? பாபாசாகேபே அதை ஒப்புக்கொள்ளவில்லையே" என்றார்.

மண்டபம் இரைச்சலாயிற்று. முடிவில் எல்லோரும் நம்மை நோக்கினர். பிரசங்கம் செய்பவன் விடையும் வைத்திருப்பான் என்பது சபையோரின் எண்ணம். நம்மிடம் அன்று விடை இல்லை. எழுதித் தருகிறோம் என்று சொல்லித் தப்பினோம். எழுத உட்கார்ந்தபின், படம் மாட்டுவது சிறிய காரியம் என்றும், உள்ளே கிடக்கும் வினா சிறியதன்று என்றும் தெரிந்தது. நன்மை ஒன்றை ஒருவன் கலங்கிய எண்ணத்தோடும் குருதி படிந்த கையோடும் செய்தால், அந்த நன்மைக்கு நாம் என்ன பெயர் இடுவது?

முதலில் ஆளைப் பார்ப்போம். லிங்கன் 1809ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் கென்டக்கி மாநிலத்தில், மரக்கட்டைகளை அடுக்கிய ஒற்றை அறைக் குடிசையில் பிறந்தார். ஒன்பது வயதில் தாயை இழந்தார். பள்ளியில் இருந்த காலத்தையெல்லாம் கூட்டினாலும் ஓராண்டு தேறாது என்று அவரே எழுதியிருக்கிறார். கோடரி பிடித்தார், படகு தள்ளினார், கடையில் நின்றார். இரவல் நூல்களைக் கொண்டு சட்டம் பயின்று 1836இல் வழக்குரைஞராகத் தகுதி பெற்றார். பள்ளி வாசலை அதிகம் மிதியாத நமக்கு இந்தப் பகுதியைப் படிக்கையில் நெஞ்சு சற்றே நெகிழ்ந்தது என்பதை மறைக்கவில்லை. ஆனால் ஏழையாய்ப் பிறந்து தாமே கற்றவர் என்பதனால் மட்டும் ஒருவர் நீதிமானாகிவிட மாட்டார். ஏழ்மையிலிருந்து ஏறி, ஏணியை எட்டி உதைத்தவர்களை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம்.

1841ஆம் ஆண்டில் லிங்கன் நீராவிக் கப்பலில் பயணம் செய்தார். அதே கப்பலில் பன்னிரண்டு அடிமைகள் ஒரே சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தனர். தாய் தந்தையரிடமிருந்தும் மனைவி மக்களிடமிருந்தும் பிரிக்கப்பட்டுத் தெற்கே கொண்டுசெல்லப்பட்டவர்கள் அவர்கள். அவ்வாண்டே தோழி ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் லிங்கன் இக்காட்சியை வருணிக்கிறார். தூண்டில் கயிற்றில் கோத்த மீன்களைப்போல் இருந்தார்கள் என்கிறார். ஆனால் கப்பலில் இருந்தோரில் அவர்களே மிக்க மகிழ்ச்சியோடு காணப்பட்டனர் என்றும் எழுதுகிறார். பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1855இல், அந்தத் தோழியின் உறவினரும் தம்மோடு அப்பயணத்தில் இருந்தவருமான நண்பர் ஸ்பீடுக்கு அதே காட்சியை நினைவூட்டி எழுதுகிறார். இப்போது மகிழ்ச்சியைப் பற்றிய பேச்சே இல்லை. அந்தக் காட்சி தமக்கு ஓயாத வேதனையாக இருந்தது என்கிறார்.

சங்கிலி, கப்பல், கண் எல்லாம் அவையே. மாறியது பார்வை. பகவன் எட்டு அங்கங்களில் நற்காட்சியை முதலில் வைத்ததன் பொருள் நமக்கு இங்கே சற்று விளங்குகிறது. துன்பம் கண்ணெதிரே கிடந்தாலும் அதைத் துன்பமென்று காண ஒரு மனிதனுக்குப் பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. நம் முன்னோரின் துன்பத்தைக் கண்டு, "அவர்கள் பாட்டுப் பாடிக்கொண்டு சந்தோஷமாகத்தான் நாற்று நடுகிறார்கள்" என்று சொன்ன நிலக்கிழார்களை நாம் அறிவோம்.

பார்வை மாறியும் முழுதும் மாறவில்லை. 1858இல் செனட் தேர்தலுக்காக டக்ளஸ் என்பவரோடு லிங்கன் ஏழு இடங்களில் வாதம் புரிந்தார். சார்ல்ஸ்டன் என்னும் ஊரில் திரண்ட வெள்ளையர் முன்னிலையில், வெள்ளையரும் கறுப்பரும் சமூகத்திலும் அரசியலிலும் சமமாவதைத் தாம் விரும்பவில்லை என்று வாய்விட்டுச் சொன்னார். ஜனாதிபதியான பின்பும், 1862 ஆகஸ்டு 14ஆம் நாள் கறுப்பினப் பிரதிநிதிகளைத் தம் மாளிகைக்கு அழைத்து, இரு இனத்தாரும் பிரிந்து வாழ்வதே நலம், நீங்கள் வேறு நாட்டில் குடியேறலாம் என்றார். பிறந்து உழைத்து மாண்ட மண்ணைவிட்டு வெளியே போ என்பதற்கு எத்தனை மரியாதையான சொற்களைப் போட்டாலும் பொருள் ஒன்றுதான். ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளாகிய நாம் இதை மென்று விழுங்கிவிட முடியாது. லிங்கனைப் புகழும் நூல்கள் பல இந்தப் பக்கங்களை வேகமாகப் புரட்டிச் செல்கின்றன.

இனி அம்மையார் எழுப்பிய வினா. 1862 ஆகஸ்டு 22ஆம் நாள், பத்திரிகாசிரியர் கிரீலி என்பவருக்கு லிங்கன் எழுதிய பகிரங்கக் கடிதம் புகழ்பெற்றது. ஐக்கியத்தைக் காப்பதே தம் நோக்கம். ஓர் அடிமையையும் விடுவிக்காமல் அது கைகூடுமானால் அவ்வாறே செய்வேன், எல்லோரையும் விடுவித்தால்தான் கைகூடுமென்றால் அதையும் செய்வேன் என்பது அதன் கருத்து. பாபாசாகேப், காங்கிரசும் காந்தியாரும் தீண்டத்தகாதாருக்குச் செய்தது யாது என்று ஆராய்ந்த தமது 1945ஆம் ஆண்டு நூலில் இக்கடிதத்தை எடுத்துக்காட்டினார். சுயராஜ்யத்தை முதலிலும் தீண்டாமையைப் பின்னும் வைத்த காந்தியாரின் போக்கு, ஐக்கியத்தை முதலிலும் அடிமையைப் பின்னும் வைத்த லிங்கனின் போக்கை ஒத்தது என்று சுட்டினார். விடுதலையை லிங்கன் தன்னளவிலேயே கடமையாகக் கருதவில்லை என்பது பாபாசாகேப் கண்ட குறை. அமெரிக்காவில் 1913 முதல் 1916 வரை கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பயின்றவர் அவர். அந்நாட்டு வரலாற்றைப் படத்தின் முன் நின்று கற்றவரல்லர்.

அந்தக் கண்டனம் பொருத்தமானதே என்று நாமும் கொள்கிறோம். ஆயினும் ஒரு செய்தியை அதனோடு சேர்த்து வைக்க வேண்டும். கடிதத்தை எழுதியபோது, விடுதலைப் பிரகடனத்தின் நகல் லிங்கனிடம் ஆயத்தமாக இருந்தது. ஒரு மாதத்துக்கு முன்பே, ஜூலை 22இல், அமைச்சர்களுக்குப் படித்துக் காட்டிவிட்டார். களத்தில் ஒரு வெற்றி கிடைக்கும்வரை வெளியிடாதிருப்பது நலம் என்ற ஆலோசனையை ஏற்று அடக்கி வைத்திருந்தார். அன்டீட்டம் போருக்குப் பின் செப்டம்பர் 22இல் முன்னறிவிப்பும், 1863 ஜனவரி முதல் நாள் பிரகடனமும் வெளிவந்தன. அப்பிரகடனமும், கலகம் செய்த மாநிலங்களின் அடிமைகளை மட்டுமே விடுவித்தது. ஐக்கியத்தில் நிலைத்திருந்த எல்லை மாநிலங்களின் அடிமைகளைத் தொடவில்லை.

அப்படியானால் அவர் மனத்தில் இருந்தது எது? நாட்டைக் காக்கும் எண்ணமா, அடிமைக்கு இரங்கும் எண்ணமா? எண்ணத்தைக் கொண்டே வினையை அளப்பது நம் தம்மம். ஆகவே பௌத்தருக்கு இது தள்ளிவிடக்கூடிய வினா அன்று. நாம் பல ஆண்டுகள் பஞ்சாலையில் நின்றவர்களாதலால் அங்கே கண்டதை வைத்தே நமக்குச் சிந்திக்க வருகிறது. ஒற்றை நூலைப் பிரித்துப் பார்த்தால் நூற்றுக்கணக்கான இழைகள் தெரியும். நெட்டை இழையும் உண்டு, குட்டை இழையும் உண்டு. முறுக்கு ஏறும்வரை அவை வெறும் பஞ்சு; ஊதினால் பறக்கும். லிங்கனின் நெஞ்சில் அடிமைத்தனத்தின்மேல் வெறுப்பு பல காலமாக இருந்தது. ஆனால் அது பஞ்சாக இருந்தது, பாரம் தாங்கவில்லை. போரின் நெருக்கடியும், அரசியல் கணக்கும், இனி அவமானப்பட முடியாது என்று எழுந்த மக்களின் இழுப்பும் சேர்ந்து முறுக்கேற்றியபின் அது நூலாயிற்று. நூலானபின் இது எந்த இழையின் வலிமை என்று கேட்பது பயனற்றது. இழையே இல்லையென்பதும் பொய், இழை ஒன்றே போதியிருக்கும் என்பதும் பொய். இந்த அளவில் அம்மையாருக்கு நம் விடை.

அந்த மக்களின் இழுப்பைப் பற்றி விரித்துச் சொல்லியாக வேண்டும். ஏனெனில் "விடுவித்தார்" என்ற சொல்லே நமக்கு உறுத்துகிறது. 1861 மே மாதத்தில், போர் தொடங்கி ஆறு வாரமும் ஆகாத ஓர் இரவு, பிராங்க் பேக்கர், ஷெப்பர்டு மல்லோரி, ஜேம்ஸ் டவுன்செண்டு என்னும் மூன்று அடிமைகள் ஒரு படகில் ஏறி, வர்ஜீனியாவிலிருந்த மன்றோ கோட்டைக்குத் துடுப்பு வலித்துச் சென்றனர். தென்னகப் படைக்கு அரண் கட்டுமாறு அவர்களை ஏவியிருந்தார்கள். மறுநாள் எசமானின் ஆள் வந்து திருப்பிக் கேட்டான். பட்லர் என்னும் சேனாபதி மறுத்தார். அவர்கள் எதிரியின் உடைமை, போரில் கைப்பற்றிய சரக்கு என்பது அவர் சொன்ன நியாயம். மனிதனைச் சரக்கு என்ற அதே சட்டத்தைக்கொண்டே மனிதனைக் காத்தார்! செய்தி பரவிற்று. நூறு நூறாக, பிறகு ஆயிரம் ஆயிரமாக, மூட்டையும் குழந்தையுமாய் மக்கள் அக்கோட்டையை நோக்கி நடந்தார்கள். லிங்கனின் பேனா காகிதத்தைத் தொடுவதற்கு ஒன்றரை ஆண்டுக்கு முன்பே கால்கள் தீர்ப்பு எழுதத் தொடங்கிவிட்டன.

பின்னர் ஏறத்தாழ ஒரு லட்சத்து எண்பதினாயிரம் கறுப்பின வீரர்கள் ஐக்கியத் தரைப்படையில் சேர்ந்தார்கள். வெள்ளை வீரனுக்கு மாதம் 13 டாலர். கறுப்பு வீரனுக்கு 10 டாலர், அதிலும் உடுப்புக்கென 3 டாலர் பிடித்தம். சாவு மட்டும் சமம். மேரிலாந்தில் அடிமையாய்ப் பிறந்து 1838இல் தப்பியோடிய பிரடெரிக் டக்ளஸ் என்னும் பேரறிஞர், 1863 ஆகஸ்டில் லிங்கனை நேரில் கண்டு இந்த அநீதியை எடுத்துரைத்தார். செனட் தேர்தலில் வாதிட்ட டக்ளஸ் வேறு, இவர் வேறு. ஊதியம் 1864 ஜூனில்தான் சட்டப்படி சமமாக்கப்பட்டது. கேட்டும், எழுதியும், குறைந்த கூலி வேண்டாமென்று மறுத்தும் பெற்றது அது. 1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் இலட்சக்கணக்கானோர் தாமே வந்து நின்று தம் வாயால் உறுதிமொழி கூறியதன் அருமை, இதைப் படித்தபோது நமக்கு மேலும் புலப்பட்டது.

பஞ்சாலை என்ற பேச்சு வந்தது. வாசகர் பொறுத்தால் ஒரு சிறு விலகல். இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளுக்கு வேண்டிய பஞ்சில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் அமெரிக்கத் தென்மாநிலங்களிலிருந்து, அடிமைகள் பறித்து அனுப்பியது. லிங்கனின் கடற்படை தென்னகத் துறைமுகங்களை மறித்தது. பஞ்சு நின்றது. 1862 இறுதியில் ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர் லங்காஷயர்ப் பகுதியில் நிவாரணத்தை நம்பி உயிர் வாழ்ந்தனர். பஞ்சுக்குப் பதிலாக நம் நாட்டுப் பஞ்சைச் சூரத்துப் பஞ்சு என்ற பெயரில் அனுப்பினார்கள். குட்டை இழை, தூசி மிகுதி. அங்குள்ள தொழிலாளர் அதைச் சபித்தார்கள். குட்டை இழைப் பஞ்சு ஓட்டினால் நூல் எப்படிக் கணத்துக்குக் கணம் அறும், கூலி எப்படிக் குறையும் என்பதை ரிங் பிரேமுக்கு முன்னால் நின்றவரிடம் கேளுங்கள். பம்பாய்ப் பருத்தி வணிகர்களோ அந்த ஆண்டுகளில் கொழுத்தார்கள். 1865இல் போர் முடிந்ததும் விலை சரிந்து பல நிலையங்கள் கவிழ்ந்தன.

அந்தப் பட்டினிக் காலத்தில்தான், 1862 டிசம்பர் 31ஆம் நாள், மான்செஸ்டர் நகரத் தொழிலாளர் கூட்டம் கூடி, லிங்கனுக்கு ஆதரவுக் கடிதம் அனுப்பியது. எங்கள் வயிறு காய்ந்தாலும் அடிமைத்தனம் ஒழியட்டும் என்ற கருத்துடையது அது. 1863 ஜனவரி 19ஆம் நாள் லிங்கன் அவர்களுக்கு விடை எழுதினார். அவர்களின் துன்பத்தை அறிவதாகவும், அவர்கள் காட்டிய உறுதி எந்நாட்டிலும் எக்காலத்திலும் மிஞ்சப்படாத வீரம் என்றும் போற்றினார். அமெரிக்காவிலிருந்து மாவு ஏற்றிய கப்பலும் வந்தது. எல்லாத் தொழிலாளரும் அப்படி நினைத்தார்கள் என்று சொல்ல மாட்டோம். தென்னகத்துக்குப் பரிந்தவரும் லங்காஷயரில் உண்டு. ஆனால் வேலையற்று மூடிய ஆலை வாயிலில் நின்ற மாதங்களை நாமும் கண்டிருக்கிறோம். அந்த நிலையில், கடலுக்கப்பால் கண்டிராத மனிதனுக்காக இன்னும் சில நாள் பட்டினி இருக்கிறேன் என்று கைதூக்குவது எத்தகைய தானம் என்று எண்ணிப் பாருங்கள். லிங்கனின் படத்தைவிட அந்தக் கூட்டத்தின் படம் ஒன்று கிடைத்தால் நாம் மறுபேச்சின்றி மாட்டுவோம்.

இனிப் பெரியவரின் வினா. இதுவே கடினமானது, இதைக் கடைசிக்குத் தள்ளியதும் அதனால்தான். போரைத் தொடங்கியவர் லிங்கன் அல்லர் என்று சொல்லலாம். அவர் 1861 மார்ச்சு 4இல் பதவியேற்குமுன்பே ஏழு மாநிலங்கள் பிரிந்துவிட்டன. ஏப்ரல் 12இல் சம்டர் கோட்டைமேல் முதல் குண்டை எறிந்தது தென்னகம். பாபாசாகேப், புத்தரும் அவர் தம்மமும் என்ற நூலில், கொல்லும் வேட்கை வேறு, கொல்ல நேரும் தேவை வேறு என்று பிரித்துக் காட்டியதையும் எடுத்து வைக்கலாம். இவையெல்லாம் மெய். ஆனாலும் பெரியவரின் முகத்தைப் பார்த்து, "ஆகவே குற்றமில்லை" என்று சொல்ல நமக்கு நா எழவில்லை. மாண்டவன் மாண்டவனே. முதற் சீலத்துக்கு அரசன் என்றும் ஜனாதிபதி என்றும் விலக்கு எழுதப்படவில்லை.

ஆனால் பெரியவரிடம் ஒன்று கேட்கிறோம். ஆறு லட்சத்தை எண்ணினீர்களே, போருக்கு முந்திய ஆண்டுகளின் கணக்கு எங்கே? கசையடியில் செத்தவர், கப்பலின் அடித்தளத்தில் மூச்சுமுட்டிச் செத்தவர், விற்கப்பட்ட குழந்தையை நினைத்து நினைத்துத் தேய்ந்த தாய், இவர்களைப் பிணமென்று எந்தக் கணக்கன் எழுதினான்? 1860ஆம் ஆண்டை அமைதிக்காலம் என்று வரலாறு குறிக்கிறது. யாருக்கு அமைதி? சாட்டை ஓங்கியவனுக்கு அமைதி. நம் சேரிகளிலும் அப்படிப்பட்ட அமைதி நூற்றாண்டுக் கணக்கில் நிலவிற்று. அதைக் குலைத்தவனே கலகக்காரன் என்று பெயர் பெற்றான். சீலத்தைத் தராசாகப் பிடிக்கும்போது ஒரு தட்டில் மட்டும் பிணங்களை அடுக்கினால் தராசு பொய் சொல்லும்.

இதைச் சொன்னதனால் லிங்கனின் கை தூய்மையாகிவிட்டது என்று யாரும் கொள்ள வேண்டா. 1862இல் மின்னசோட்டா மாநிலத்தில், பசியாலும் வாக்குத் தவறிய ஒப்பந்தங்களாலும் கொதித்தெழுந்த டக்கோட்டா பூர்வகுடியினருக்கும் குடியேறிகளுக்கும் சண்டை மூண்டது. குடியேறிகள் பலர் மாண்டனர். படை நீதிமன்றம் அவசர விசாரணை நடத்தி 303 பேருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. சிலருக்கு விசாரணை சில நிமிடங்களே. லிங்கன் பதிவேடுகளை வரவழைத்துப் பார்த்துப் பெரும்பாலோரை நீக்கி, 39 பேரின் தண்டனையை உறுதி செய்தார். அவருள் ஒருவருக்குக் கடைசியில் நிறுத்திவைக்கப்பட்டது. டிசம்பர் 26ஆம் நாள் மான்கேட்டோ நகரில் 38 பேர் ஒரே மேடையில் ஒரே நேரத்தில் தூக்கிலிடப்பட்டனர். அந்நாட்டு வரலாற்றில் ஒரே நாளில் இத்தனை பேரைத் தூக்கிலிட்டது வேறு இல்லை. ஆறு நாள் கழித்து அதே கை விடுதலைப் பிரகடனத்தில் ஒப்பமிட்டது. 303ஐ 38 ஆக்கியது கருணை என்பார் உண்டு. அந்த 38 பேரின் தாயாரிடம் அதைச் சொல்ல முடியுமா? இதற்கு நாம் ஒரு சமாதானமும் தேடவில்லை.

பெரியவர் அசோகரை வணங்குபவர். நாமும் வணங்குகிறோம். ஆயின் கலிங்கத்தில் ஒரு லட்சம் பேர் மாண்டதாகவும் ஒன்றரை லட்சம் பேர் பெயர்த்துக் கொண்டுசெல்லப்பட்டதாகவும் தமது பதின்மூன்றாம் பாறைச் சாசனத்தில் வெட்டிவைத்தவர் அவரே. நாட்டைப் பிடிக்கப் போரிட்டு, பிடித்தபின் வருந்தினார். அந்த வருத்தத்தால் தர்ம சக்கரம் நம் கொடியில் இன்றும் சுழல்கிறது. ஒன்றை மட்டும் சொல்லிக்கொள்கிறோம். அந்தப் பதின்மூன்றாம் சாசனம் கலிங்கத்துப் பாறைகளாகிய தௌலியிலும் ஜௌகடாவிலும் வெட்டப்படவில்லை. இழந்தவர்களின் மண்ணில், இழப்பைச் சொல்லும் எழுத்து இல்லை. வென்றவனின் வருத்தம் மெய்யானதாயினும் அதற்கும் ஓர் எல்லை இருக்கிறது போலும்.

லிங்கனின் வருத்தம் போர் முடியுமுன்பே வெளிப்பட்டது. 1865 மார்ச்சு 4ஆம் நாள் இரண்டாம் முறை பதவியேற்றபோது அவர் ஆற்றிய உரை மிகச் சிறியது. வெற்றி அருகில் இருந்தும் வெற்றி முழக்கம் அதில் இல்லை. அடிமைத்தனத்தைத் தெற்கின் குற்றம் என்று சொல்லாமல் அமெரிக்க நாட்டின் குற்றம் என்றார். வடக்கும் தெற்கும் சேர்ந்து பெற்ற தண்டனையே இந்தப் போர் என்றார். கசையால் சிந்திய ஒவ்வொரு துளிக்கும் வாளால் சிந்தும் துளி ஈடாகும்வரை இது தொடருமானால் அதையும் நீதி என்றே கொள்ள வேண்டும் என்னும் கருத்தைச் சொன்னார். அவர் அதைக் கடவுளின் தீர்ப்பென்று கூறினார். படைத்தவனை நம்பாத நாம் அதை வினைப்பயன் என்போம். பெயர் எதுவாயினும், வெற்றி பெறப்போகும் தலைவன் தன்னையும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திக்கொள்வது அரிது. எவரிடமும் பகையின்றி, எல்லோரிடமும் அன்போடு காயங்களைக் கட்டுவோம் என்ற கருத்தோடு முடித்தார்.

மைத்திரி என்றே அதற்குப் பெயர் சூட்டத் தோன்றும். நமக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அடிபட்டவன் பக்கத்திலிருந்து ஒரு வினா எழுகிறது. மன்னிக்கும் உரிமை யாருக்கு? கசையடி பட்டவன் மன்னிக்கலாம். அவனைக் கேளாமல் அவன் சார்பில் மற்றொருவர் மன்னிப்பது எப்படி? 1862 ஏப்ரலில் தலைநகர் வாஷிங்டனில் அடிமை முறையை ஒழித்தபோது, ஓர் அடிமைக்கு 300 டாலர் வரை இழப்பீடு தரப்பட்டது. யாருக்கு? எசமானுக்கு. 1865 ஏப்ரல் 14இல் லிங்கன் சுடப்பட்டு மறுநாள் இறந்தார். அதற்கு மூன்று நாள் முன்னர், படித்த கறுப்பினத்தாருக்கும் படையில் உழைத்தவருக்கும் வாக்குரிமை தருவதைத் தாம் விரும்புவதாகப் பேசியிருந்தார். கூட்டத்தில் நின்று அதைக் கேட்டவர்களில் கொலைகாரனும் ஒருவன். அடுத்து வந்த ஜான்சன், விடுதலை பெற்றோருக்குப் பங்கிட்ட நிலங்களை அவ்வாண்டே பழைய முதலாளிகளுக்குத் திருப்பிவிட்டார். பகையின்மை எசமானுக்குக் கிடைத்தது. நிலம் உழைத்தவனுக்குக் கிடைக்கவில்லை. வாக்குரிமையை உறுதியாகக் காக்கும் சட்டம் 1965இல்தான் வந்தது. சரியாக நூறாண்டு.

1865 டிசம்பரில் நிறைவேறிய பதின்மூன்றாம் சட்டத்திருத்தம் அடிமைத்தனத்தை நாடெங்கும் ஒழித்தது. அதனை நிறைவேற்ற லிங்கன் தம் செல்வாக்கையெல்லாம் செலவிட்டார் என்பது உண்மை. ஆயின் அதிலேயே, குற்றத்துக்குத் தண்டனையாக அமைந்தாலன்றி என்ற ஒரு விலக்கு இருந்தது. தென்னக ஆட்சியாளர் அந்தச் சிறு துளையைப் பெரிய வாயிலாக்கினார்கள். ஊர் சுற்றினான், வேலையின்றி இருந்தான் என்று பிடித்துச் சிறையிலிட்டு, கைதிகளைத் தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் வாடகைக்கு விட்டார்கள். அறச்செல்வி மணிமேகலை மன்னனிடம் பொன் கேளாமல், சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கித் தருமாறு கேட்ட காரணம் இதைப் படித்தபின் நமக்கு வேறு ஒளியில் தெரிந்தது.

படத்துக்கு வருவோம். வாஷிங்டனில் 1876 ஏப்ரல் 14ஆம் நாள் லிங்கனுக்கு ஒரு சிலை திறந்தார்கள். சார்லட் ஸ்காட் என்ற விடுதலை பெற்ற பெண்மணி கொடுத்த ஐந்து டாலரே அதற்கு முதல் நன்கொடை. விடுதலை பெற்ற மக்களின் பணத்தில் எழுந்த சிலை அது. ஆனால் அதன் வடிவத்தை வகுத்தவர்கள் அவர்கள் அல்லர். லிங்கன் நிமிர்ந்து நிற்கிறார். அவர் காலடியில் ஒரு கறுப்பு மனிதன் மண்டியிட்டிருக்கிறான். திறப்புரை ஆற்றிய பிரடெரிக் டக்ளஸ், லிங்கன் வெள்ளையரின் ஜனாதிபதியாகவே இருந்தார் என்று அந்த மேடையிலேயே சொன்னார். விடுதலையையே நோக்காகக் கொண்டவர் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் அவர் தாமதமானவர், குளிர்ந்தவர். தம் நாட்டாரின் மனநிலையை வைத்து அளந்தால் விரைந்தவர், உறுதியானவர் என்றும் சொன்னார். நன்றியும் கணக்கும் ஒரே வாயில் ஒரே மூச்சில் வந்தன. அதற்குச் சில நாள் கழித்துப் பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தில், மண்டியிட்ட மனிதனைக் காட்டிலும் தன் காலில் நிமிர்ந்து நிற்கும் மனிதனின் சிலையையே காண விரும்புவதாக எழுதினார். நெடுங்காலம் மறந்துகிடந்த அக்கடிதம் 2020இல்தான் மீண்டும் கண்டெடுக்கப்பட்டது. அதே ஆண்டில் பாஸ்டன் நகரம் அச்சிலையின் மறுபடியைப் பீடத்திலிருந்து இறக்கிற்று. ரிச்மண்டு நகருக்கு 1865 ஏப்ரலில் லிங்கன் சென்றபோது தம்முன் மண்டியிட்ட முதியவரிடம் என்முன் மண்டியிடாதே என்று அவரே சொன்னதாக உடனிருந்த கடற்படைத் தலைவர் போர்ட்டர் பின்னாளில் எழுதியிருக்கிறார். அது மெய்யானால், அந்தச் சிற்பி லிங்கன் சொல்லையும் கேட்கவில்லை.

புனேயில் மகாத்மா ஜோதிராவ் புலே 1873இல் தம் குலாம்கிரி நூலை, அடிமைகளின் விடுதலைக்காகத் தியாகம் செய்த அமெரிக்க நன்மக்களுக்குக் காணிக்கையாக்கினார். லிங்கன் ஒருவருக்கு என்று எழுதாமல் மக்களுக்கு என்று எழுதினார். எண்ணி எழுதினார் என்றே நாம் நினைக்கிறோம்.

சங்க நிர்வாகிகளிடம் நம் கருத்தைத் தெரிவித்துவிட்டோம். பகவன் இருக்கும் மண்டபத்தில் வேண்டா. வாசகசாலைச் சுவரில், வரலாற்று நூல்கள் உள்ள அலமாரிக்கு மேல் இருக்கட்டும். பக்கத்தில் டக்ளஸின் படம் ஒன்றும் வேண்டும். கீழே ஒரு தாளில் 1841, 1855 கடிதங்களின் கருத்தும், மான்கேட்டோவின் 38உம் எழுதி ஒட்ட வேண்டும். இளைஞர் தாளை எழுத ஒப்புக்கொண்டார். டக்ளஸ் படத்துக்கு அலைந்துகொண்டிருக்கிறார். அம்மையார் இசைந்தார். பெரியவர் இசையவில்லை. வாசகசாலையும் சங்கத்தின் கூரைக்குக் கீழ்தானே என்கிறார். வருகிற பௌர்ணமியில் பிரசங்க நேரம் முழுவதையும் அவருக்கு விட்டுக்கொடுத்திருக்கிறோம். அதுவரை படம் வாசகசாலை மேசைமேல் சுவரில் சாய்ந்திருக்கிறது.